துவாக்குடிப் பட்டறைக்கு ஒரு கடிதம்

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுவடை முடியப்போகிறது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகள் லாரிக்குக் காத்துக்கிடக்கின்றன, மழை மட்டும் வராமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

பட்டறையில் இப்போது எத்தனை டிப்பர் நிற்கிறது? தூக்கி நிறுத்திய டிப்பர் தொட்டிக்கு அடியில் ஆள் போவதற்கு முன் இரும்பு முட்டு கொடுக்கிறார்களா? ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது தம்பி. ஹோஸ் வெடித்து ஆயில் வெளியேறினால் தொட்டி மொத்தமாக இறங்கிவிடும். கத்தக்கூட நேரம் இருக்காது.

போன வாரம் தஞ்சாவூர் பைபாஸில் ஒரு டிப்பர் நின்றது, பின்கதவில் உன் பட்டறைப் பெயர். இறங்கிப் போய் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன், ஒரே சீராக ஓடியிருந்தது. என் மகன் கட்டியது என்று டிரைவரிடம் சொன்னேன். தொட்டியின் சொந்த எடை குறைவு, அதனால் நடைக்கு நடை அதிக லோடு ஏறுகிறது என்றார். எங்கள் காலத்தில் கேபின்கூட இல்லாத வெறும் சேஸிஸை எடுத்துக்கொண்டு, முகத்தில் தூசி அடிக்க நாமக்கல்வரை ஓட்டிப்போய்த்தான் பாடி கட்டுவோம். பெல் (BHEL) ஆலையின் பாய்லர் வேலை குறைந்து அக்கம்பக்கத்தில் ஷெட்டுகளைப் பூட்டியபோது, நீ அதே வெல்டிங் கையோடு டிப்பருக்கு மாறினாய். 2018-ல் இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியதும், அதற்கும் மேல் ஏற்றலாம் என்று பக்கத் தகட்டை உயர்த்தச் சொல்லி வந்தவர்களை நீ திருப்பி அனுப்பினாய். ஆர்.சி. பதிவுப் புத்தகத்தில் உள்ள எடைக்குத்தான் கட்டுவேன் என்றாயாமே. அதை இங்கே சொல்லாத வீடு இல்லை.

இப்போது டிரெய்லர், கனரக இயந்திரம் ஏற்றும் தாழ்வான லோபெட் என்று வேலை பெருகிவிட்டது. இரண்டாவது ஷெட் போட்டபின் நீ ஆபீஸ் அறையைவிட்டு வெளியே வருவதே குறைவு என்கிறார்கள். பொங்கலுக்கும் வரவில்லை, டெலிவரி தேதி என்றாய். தேதியை நெருக்கினால் ஆட்கள் எதை விடுவார்கள்? முட்டு கொடுப்பதைத்தான் விடுவார்கள். தினம் காலையில் நீயே ஒரு சுற்று வந்து பார்.

உன்னிடம் வேலை பார்க்கும் நீடாமங்கலத்துப் பையனுக்குக் கை எப்படி இருக்கிறது? நீ சொல்லவில்லை. அவன் மாமா கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. போனில் பேசும்போதெல்லாம் கேட்க நினைக்கிறேன், உன் குரலைக் கேட்டதும் நெல் விலைக்குப் போய்விடுகிறேன்.

அவனுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருக்கிறாய்தானே? வைத்தியமும், வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் அதில் கிடைக்கும். விபத்து அறிக்கையை மறைக்காமல் உடனே கொடுத்துவிடு. ஆனால் அவன் அம்மாவிடம் மேனேஜரை அனுப்பாதே. நீ போ.

ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். நீயும் வருவாய் என்றால் காலையில் நீடாமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். சனிக்கிழமைக்குள் போன் பண்ணு. இந்த முறை நான் நெல் விலை பேச மாட்டேன்.

அப்பா