அரை அங்குல ஸ்பேனரும் அப்பாருடைய அரமும்

சோமனூர்

அன்புள்ள மகளுக்கு,

புனேயில் உன் வீட்டுக் கார் ஷெட்டில் பழைய ஜீப்பைப் பிரித்துப் போட்டிருக்கும் படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். கார்புரேட்டரை இறுக்கியிருக்கும் பின்பக்க நட்டுக்கு எந்த ஸ்பேனரும் நுழையவில்லை என்றும், புதிதாக வாங்கிய 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைத் தேய்த்து மெலிதாக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதை கிரைண்டர் கல்லில் வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடு, கண்ணு.

முதலில் அளவைச் சொல்கிறேன். அந்த வண்டி அங்குலக் கணக்கில் செய்யப்பட்டது. போல்ட் 5/16 அங்குலம் என்று நீயே அளந்திருப்பதால், அதன் நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர்தான் வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13-ஐப் போட்டால் உட்கார்ந்தது போலத்தான் தெரியும். ஆனால் துருவேறிய நட்டில் பலம் கொடுக்கும்போது அந்த 0.3 மில்லிமீட்டர் ஆட்டமே முனைகளை மழுக்கிவிடும், பிறகு உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, புது செட்டில் கை வைக்காதே. தறிகளைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த காலம் முழுவதும் நான் மாற்றிச் செய்த சாமான்கள் எல்லாமே கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியவை. ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டிய இரட்டை நட்டுகளில் ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைத் தளர்த்த, பாதி கனத்துக்குத் தேய்த்த ஸ்பேனர் இல்லாமல் முடியாது. அப்படித் தேய்த்த மூன்று ஸ்பேனர்கள் இன்றும் என் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை.

உன் நட்டுக்கு மெலிந்த ஸ்பேனர் மட்டும் போதாது, கழுத்தும் வளைய வேண்டும். ஆகையால் பழைய அரை அங்குல ஸ்பேனர் ஒன்றை நானே வளைத்து அனுப்புகிறேன். செய்யும் முறையை மட்டும் தெரிந்துகொள். வளைக்க வேண்டிய இடத்தில் குரோம் பூச்சு இருந்தால் முகமூடி போட்டுக்கொண்டு முதலில் அதைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பூச்சோடு சூடாக்கினால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. வாய்ப்பகுதியில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நன்றாகச் சிவக்கும்வரை காய்ச்சி, வைஸில் பிடித்து ஒரே சீராக வளைக்க வேண்டும். சிவந்த இரும்பைத் தண்ணீரில் முக்கிவிடாதே. முக்கினால் அந்த இடம் கண்ணாடி போல உடையும். சாம்பலில் புதைத்துத் தானாக ஆறவிடு. கழுத்தில் பழைய வலு இருக்காது என்றாலும், இத்தனை சிறிய நட்டுக்கு அது தாங்கும். குழாய் மாட்டி நெம்ப மட்டும் கூடாது.

அதே பொட்டலத்தில் உன் அப்பாருடைய, அதாவது என் அப்பாவுடைய, தட்டைச் சுரண்டியும் வருகிறது. தோட்டத்துக் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடிய நாட்களில், இன்ஜின் தண்டைத் தாங்கும் ஒயிட் மெட்டல் புஷ்ஷைச் சுரண்டிப் பதம் பார்க்கத் தேய்ந்த முப்பட்டை அரத்தில் ஒரு சுரண்டியும், தட்டையான பரப்புகளுக்குத் தட்டை அரத்தில் ஒன்றுமாக அவரே செய்துகொண்டார். தேய்ந்த அரத்தை அவர் ஒருபோதும் எறிந்ததில்லை. கல்லில் லேசாகத் தொட்டுப் பார்ப்பார். பொறி பூப்பூவாக வெடித்துச் சிதறினால் நல்ல எஃகு, நீளக் கோடாகப் போனால் சாதா இரும்பு என்பார். அரத்தின் பல் ஒன்று விடாமல் தேய்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார், ஏனென்றால் விரிசல் அந்தப் பல்லின் அடியிலிருந்துதான் கிளம்பும்.

என் பதினாறாவது வயதில் அந்தத் தட்டைச் சுரண்டிக்கு முனை தீட்ட உட்கார்ந்தேன். அவசரத்தில் கல்லோடு அழுத்திப் பிடித்தபோது, விளிம்பில் முதலில் வைக்கோல் நிறம் ஓடியது, அடுத்த நொடியே மயில் கழுத்து நீலம் பாய்ந்துவிட்டது. வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220 டிகிரி, நீலம் 300 டிகிரி. நீலம் பாய்ந்த அரத்து எஃகில் கூர் நிற்காது. அப்பாரு திட்டவில்லை, நீலம் ஏறிய பகுதி முழுவதையும், தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் நனைத்தபடி அவரே தேய்த்து எடுத்தார். அதில் சுரண்டி ஒரு விரற்கடை குட்டையானது. கையில் எடுத்தால் நீயே பார்ப்பாய், கைப்பிடிக்கும் முனைக்கும் நடுவே நீளம் பொருந்தாமல் இருக்கும்.

இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட அது உதவும், ஆனால் வார்ப்பிரும்புப் பரப்பில் மட்டும். கார்புரேட்டரின் உடல் மிருதுவான உலோகம், அதில் பட்டால் பள்ளம் விழும். அரத்து எஃகு உடைந்தால் துண்டு தெறிக்கும் என்பதால், எதையும் அதைக் கொண்டு நெம்பாதே, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதே. உன் கிரைண்டரில் கல் மாட்டுவதற்கு முன் அதைத் தொங்கவிட்டு மரக்கட்டையால் லேசாகத் தட்டிப் பார். மணி போல ஒலித்தால் மாட்டு, சத்தம் செத்திருந்தால் எறிந்துவிடு.

ஸ்பேனரை இன்னும் வளைக்கவில்லை. நட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் நடுவே அட்டையை நுழைத்து, இடைவெளிக்கு ஏற்றபடி வெட்டி, அந்த அட்டையையே தபாலில் அனுப்பு. படத்தை வைத்து என்னால் கோணம் எடுக்க முடியாது.

அன்புடன்,
அப்பா