14ஆம் தேதிக்கு முன்னால்

அன்புள்ள கண்ணம்மா,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன் அண்ணிக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, குழந்தை நன்றாக அசைகிறது என்று டாக்டர் சொன்னார். மாடி அறையை உங்களுக்காக அம்மா ஒழித்து வைத்திருக்கிறாள். ஜன்னல் கொக்கியைக்கூட அண்ணன் சரிசெய்துவிட்டான்.

குட்டி எப்படி இருக்கிறான்? உடம்பு சூடு ஏதும் இல்லையே?

1ஆம் தேதி நீ பேசியபோது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். அவன் பெஞ்சில் உட்காரும் பையனுக்குச் சின்னம்மை, ஸ்கூலிலிருந்து மெசேஜ் வந்தது என்றாய். நான் வாய் திறப்பதற்குள் டிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். அதற்கப்புறம் ஒரு வாரமாக உன் குரலையே கேட்கவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். "எல்லாரும் நல்லா இருக்கோம் மாமா" என்று அவசரமாகச் சொன்னார். குட்டியின் தடுப்பூசி இரண்டாவது தவணை போட்டாயிற்றா என்று எழுதிக் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

நான் எதையும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. வாத்தியாருக்கு நாள் எண்ணுகிற பழக்கம், அவ்வளவுதான். சின்னம்மை ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து 10 முதல் 21 நாள் வரை உடம்புக்குள் சத்தமில்லாமல் இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தலைகாட்டும். 1ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 11 முதல் 22 வரை வருகிறது. நீங்கள் கிளம்புவது 14. கொப்புளம் கண்ணில் படுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருப்பான். யாருக்கும் சந்தேகம் வராது. ஊசி போட்ட பிள்ளைக்குக்கூட நாலைந்து பொட்டோடு லேசாக வந்துபோவது உண்டு, அதிலிருந்தும் பரவும். அதனால் நாளை எண்ணிப் பார், கண்ணம்மா. தினமும் குளிப்பாட்டும்போது முதுகையும் வயிற்றையும், தலைமுடிக்குள்ளும் பார். காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதே. அம்மை நேரத்தில் அது ஈரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து உண்டு. இப்யூப்ரோஃபெனும் வேண்டாம், பாராசிட்டமால் போதும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன்.

31 வருடம் வகுப்பில் நின்றவன் நான். விடுமுறைக்கு முந்தைய வாரம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதிப் பிள்ளைகள் மூக்கு ஒழுகிக்கொண்டு வருவார்கள். பரீட்சை, விழா, முழு வருகைச் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டு வரும். காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்புவார்கள். அதன் வேலை நாலு மணி நேரம், மிஞ்சினால் ஆறு மணி நேரம். மதிய மணி அடிக்கும்போது பிள்ளை மேசைமேல் தலையைச் சாய்த்துவிடும். தொட்டால் கொதிக்கும். வீட்டுக்குப் போன் போட்டால், "காலையில நல்லாத்தானே இருந்தான் சார்" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், லீவு கேட்டால் முகம் சுளிக்கும் முதலாளியிடம் இருப்பவர்கள் அந்தப் பிள்ளையை எங்கே விடுவார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. முழு வருகைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குக் கைதட்டச் சொல்லிவிட்டு, காய்ச்சலோடு அனுப்பாதீர்கள் என்று பெற்றோருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

மருந்தின் துணையில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் பள்ளிக்கு அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் கழிய வேண்டும். சின்னம்மை என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்காக வேண்டும், ஏறக்குறைய 5 நாளாவது ஆகும். இவ்வளவுதான் விதி. ஆனால் விடுமுறை வந்தால் எல்லோரும் விதியை மறந்துவிடுகிறோம். நாளை முதல் பள்ளி இல்லை, இனி யாருக்கு என்ன கவலை என்று இருந்துவிடுகிறோம். 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது இங்கிலாந்தில் கோடை விடுமுறை விட்டதும் நோயாளிகள் சட்டென்று குறைந்தார்கள், பள்ளி திறந்ததும் மறுபடி ஏறினார்கள். அதைப் படித்துவிட்டு, விடுமுறையே மருந்து என்று நானும் பேசியிருக்கிறேன். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ள சங்கிலிதான் அங்கே அறுபடுகிறது. வீட்டிலிருக்கும் பாட்டிக்கும், கைக்குழந்தைக்கும், மாசமாக இருப்பவளுக்கும் அதே விடுமுறையில்தான் புதுச் சங்கிலி கட்டுகிறோம். அப்படிக் கட்டியதை எந்தப் பள்ளியும் வருகைப் பதிவேட்டில் எழுதுவதில்லை.

போன வருடம் ஆண்டு விழாவன்று குட்டி வாந்தியெடுத்தபோது நீ அவனை இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொண்டாய். ராஜா வேஷத் துணி தைத்து வாங்கியிருந்தும், அவன் அழுதும், நீ அசையவில்லை. டீச்சரிடமும் உள்ளதைச் சொன்னாய். அன்றைக்கு உன் அம்மாவிடம் நாலு தரம் சொல்லியிருப்பேன், என் பெண் என்னைவிட நேர்மையானவள் என்று. அப்படிப்பட்டவள் இப்போது பெற்ற அப்பாவின் போனை எடுக்க மாட்டேன் என்கிறாயே. ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் என்ன கடித்தா தின்றுவிடப் போகிறோம்?

சரி, ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

சென்ற விடுமுறையில் குட்டி இருமியபோது கூடத்தில் ஒருவர் சொன்னார், "அம்மா மாதிரியே வரும்போதே கொண்டுவந்துட்டான்" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீ அவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். நான் செய்தித்தாளை மடக்கவே இல்லை.

உன் ஏழு வயதிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். சின்ன அத்தைக்கு அம்மையைக் கொடுத்தவள் நீ என்று. அவள் முகத்துத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் உன் கண் தாழ்ந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். ஒரு விழாவிலும் அவளுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்ததில்லை.

கண்ணம்மா, அந்த வருடம் கடைசி நாளன்று ஆசிரியர் அறையில் உன் வகுப்பு டீச்சர் என்னிடம் கேட்டார். வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குச் சின்னம்மை, பெற்றோருக்குக் கடிதம் எழுதி அனுப்பலாமா சார் என்று. "நாளையிலிருந்து லீவு, வருவது வீட்டிலேயே வந்துபோகும், எதற்கு வீணாகப் பதற்றம்?" என்று சொன்னவன் நான். கடிதம் போகவில்லை. அந்த வகுப்பில் என் பெண்ணும் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்திருந்தோம், வருடத்துக்கு ஒரே பயணம். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் பாட்டி வீட்டுக்குப் போனோம். மூன்றாம் இரவு நீ அத்தையைக் கட்டிக்கொண்டு தூங்கினாய். மறுநாள் காலையில் உன் வயிற்றில் முதல் பொட்டு தெரிந்தது. உனக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அவளுக்கு வந்தது. வளர்ந்தவர்களுக்கு அது வேறு நோய் மாதிரிதான். நுரையீரலுக்கு இறங்கி, 9 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எங்கிருந்து ஒட்டியது என்று டாக்டர் கேட்டபோது எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

சின்னம்மைத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஜப்பான் டாக்டர் மிச்சியாகி தகாஹாஷி பற்றிப் பிற்பாடு படித்தேன். 1964இல் அவருடைய மூன்று வயது மகனுக்குக் கடுமையாக அம்மை போட்டது. அதைப் பார்த்துத் தவித்த அப்பா, பத்து வருடத்தில், 1974இல், தடுப்பூசியை உருவாக்கினார். அந்தப் பக்கத்தை என்னால் படித்து முடிக்க முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

நீ கொடுக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தெரிந்தவன் நான். நேற்று அத்தைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அவகிட்ட சொன்னியா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அம்மாவிடமும் அண்ணனிடமும் இன்று இரவு சொல்லப்போகிறேன்.

இப்போது வேலையைப் பேசுவோம். உன் அண்ணிக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று அவளுடைய அம்மாவுக்கே நினைவில்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க இரத்தம் கொடுத்திருக்கிறாள். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு அம்மை வந்தால் பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து. அதற்காகத்தான் கேட்கிறேனே தவிர, குற்றம் கண்டுபிடிக்க இல்லை. ஒருவேளை ஏற்கனவே பொட்டு வந்திருந்தால் அதையும் சொல். இல்லை என்றாலும் 22 தாண்டட்டும், டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

நான் வருகிறேன். எனக்கு எட்டு வயதிலேயே சின்னம்மை வந்துபோயிற்று, மறுபடி வருவது அபூர்வம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். நீயும் மாப்பிள்ளையும் லீவு போட வேண்டாம். குட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்கு நகம் வெட்டிவிடு, சொறிந்துவிடுவான். தினமும் உடம்பைப் பார். 12ஆம் தேதி காலை வண்டியில் இடம் இருக்கிறது, இன்னும் பதிவு செய்யவில்லை. இன்று ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா