டிஸ்க் மாட்டினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், எம்.ஜி. போன்ற பழைய கார்களை ஆசையோடு பேணுகிற குமரி மாவட்டத்துக்காரர்களுக்கும், அவற்றில் கை வைக்கும் பட்டறைக்காரர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். முன்சக்கரத்து டிரம்மை (உள்ளிருந்து ஷூ விரிந்து பிடிக்கும் பிரேக்) கழற்றி டிஸ்க் (இரு பக்கமும் பேட் இறுக்கிப் பிடிக்கும் வட்டத் தகடு) மாட்டினால் பிரேக் சரியாகிவிடும் என்று நம்பி அதோடு வேலையை நிறுத்திவிடாதீர்கள். அரைகுறையாக மாட்டிய டிஸ்க்கைவிட ஒழுங்காக வைத்திருக்கும் டிரம் எவ்வளவோ மேல்.

டிஸ்க் நல்லதுதான். பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கங்களில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும். டிஸ்க் சூடானால் பேடை நோக்கித்தான் தடிக்கும், காற்றும் நேரே படும். ஆனால் டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. சுழலும் திசையில் இழுபட்டு முன் ஷூ தானாகவே இறுகும். டிஸ்க்குக்கு அது கிடையாது. மாற்றிய பிறகு "பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்கல" என்று புகார் வருவது இதனால்தான். மிதிக்குப் பலம் கூட்டும் சர்வோ வைக்க வேண்டும், அல்லது மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகும் என்பது தலைகீழான நினைப்பு. 5/8 அங்குலத்துக்குப் பதில் 3/4 அங்குலம் போட்டால் பிஸ்டன் பரப்பு 44 சதவீதம் கூடும். அதே மிதிக்கு ஆயில் அழுத்தம் ஏறத்தாழ 69 சதவீதமாகக் குறையும். மிகச் சிறியதும் ஆகாது. பேடை அழுத்தும் காலிபருக்குப் போதுமான ஆயிலைத் தள்ளுவதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

டிஸ்க்குக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். மார்த்தாண்டம் நெரிசலில் அது நடந்தால் கைப்பிரேக் ஒன்றுதான் மிச்சம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டருக்குத்தான் முதல் பணம் போக வேண்டும். அதை மாட்டும்போது பெடல் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி (விளையாட்டு) விடுங்கள். விடாவிட்டால் ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டு, வண்டி ஓட ஓட பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பர் ஹோஸ்களைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே ஊதிப்போன ஹோஸ் ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது. அதைப் பார்த்துக் காலிபரைக் குறை சொல்வார்கள்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு வழி சுலபம். 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் அடிச்சட்டமான சேசிஸைச் சுருக்கிக் கட்டிய கார்தான். அதன் 9 அங்குல முன் டிஸ்க்கை சக்கரம் மாட்டும் ஹப், காலிபர், இவற்றைத் தாங்கும் நிமிர்தண்டு எல்லாவற்றோடும் முழு செட்டாக எடுத்தால் பொருந்தும். செட் கிடைக்காமல், வேறொரு சின்னக் காரின் காலிபரை லேத் பட்டறையில் தகடு வெட்டி மாட்டும்போதுதான் ஆபத்து நுழைகிறது. நிமிர்தண்டில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்; அந்த இரும்பின் பலமே கெட்டுவிடும். போல்ட் தலையில் பலத்தைக் காட்டும் 8.8 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க், காலிபரின் நட்ட நடுவில் ஓட வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஹப் முகத்தில் துருவோ பிசிறோ இருக்கும், அதை முதலில் சுத்தம் செய்யுங்கள்.

மரை விஷயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாத தவறு. பழைய இங்கிலாந்துக் கார்களின் பைப் நட்டு பெரும்பாலும் 3/8 அங்குலம், அதாவது மூன்று நூல். அங்குலத்துக்கு 24 மரை. இப்போதைய காலிபர்களில் இருப்பது 10 மில்லிமீட்டர் குறுக்களவு, 1 மில்லிமீட்டர் இடைவெளி மரை. மூன்று நூல் என்பது 9.5 மில்லிமீட்டர். அது 10 மில்லிமீட்டர் துளையில் விரலாலேயே ஏறும், ஸ்பேனரில் இறுகியது போலவும் காட்டும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது அப்படியே பிடுங்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு இணைப்பிலும் மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் இறுக்காதீர்கள்.

முட்டம், குளச்சல் போன்ற கடலோரத்தில் நிற்கும் வண்டியில் இரும்பு பைப் கிளிப்புக்கு அடியில் துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. செம்பு-நிக்கல் கலப்புப் பைப் போடுங்கள். தனிச் செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ரக ஆயில் கொதிப்பது 205 டிகிரி செல்சியஸில், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இந்த அளவு 230, 155. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதுதான் என் கணக்கு. மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் என்ன ஆகும் என்று ரப்பர் விளையும் இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் உள்ளே ரப்பர் சீல் இருக்கும் சிலிண்டரை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுகிறார்கள். ஸ்பிரிட்டிலோ பிரேக் ஆயிலிலோ மட்டும் கழுவுங்கள்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், பாதையில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் சின்ன வால்வு இருக்கும். டிஸ்க் பாதையில் அது இருந்தால் பேட் உரசிக்கொண்டே ஓடி டிஸ்க் நீலம் பாரிக்கும். எடுத்துவிடுங்கள். காலிபரை இடம் வலம் மாற்றி மாட்டினால் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் (ஏர் எடுக்கும்) நிப்பிள் அடியில் போய்விடும். நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். நிப்பிள் மேலேதான் வர வேண்டும். பழைய லைனிங் தூசியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரசரால் ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

பின் டிரம்மைக் கைவிட்டுவிடக்கூடாது, அதை முன்னைவிட அதிகமாகப் பிடிக்கவும் விடக்கூடாது. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும். ஹெரால்டிலும் பழைய ஸ்பிட்ஃபயரிலும் வளைவில் ஓங்கி மிதித்தால் பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்ளே மடியும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தாக வேண்டிய வண்டிகள் இவை.

50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021-இல் வந்த விதிகள், சேசிஸும் பாடியும் எஞ்சினும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே சேசிஸை வெட்டாமல், போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகும் விதத்தில் வேலையை அமையுங்கள். கழற்றிய டிரம் சாமான்களைப் பெட்டியில் போட்டு வையுங்கள். தொடங்கும் முன் நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

புது பேடைப் பதப்படுத்த, ஆளில்லாத நேரான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை பத்து முறை குறையுங்கள். இடையிடையே ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடி இருக்காதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஜாக்கி ஏற்றி, காலிபர் போல்ட்களை இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனரில் பார்த்து, ஒவ்வொரு பைப் இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் ஈரம் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை