கதை சொல்ல வராது என்று தயங்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்தோத்திரம். சபையின் சிறுவர் கூடுகையில் உதவும்படி போதகர் உன்னைக் கேட்டாராம். நீயோ, "எனக்குக் கதை சொல்ல வராது, ஆக்‌ஷன் பாட்டும் வராது, நான் போய் என்ன செய்யப்போகிறேன்?" என்று தயங்குகிறாயாம். அம்மா சொன்னார்கள். நீ வரவேண்டும் என்று மனதார ஆசைப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முன்னால் நின்று நடத்துகிறவர் கையில் கதை இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, ஒரு கண் கடிகாரத்தின் மேல் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை இன்றைக்கு வாயே திறக்கவில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தரையில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். கதை சொல்ல ஆள் எப்படியும் கிடைத்துவிடுவார்கள். பக்கத்தில் உட்காரத்தான் ஆள் கிடைப்பதில்லை. உன்னைக் கேட்டது அந்த இடத்துக்கு.

1780-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ராபர்ட் ரெய்க்ஸ் போதகர் அல்ல, பத்திரிகை நடத்தியவர். வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அன்றைக்கு அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க, சம்பளம் கொடுத்து ஆட்களை அமர்த்தினார். தெருவில் திரிந்த பிள்ளைகள் அவர் கண்ணில் பட்டார்கள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

முதல் சில வாரங்களுக்குப் பெயர்களை மட்டும் கற்றுக்கொள். பெயரோடு சேர்த்து இன்னொன்றையும்: யாருக்குப் புதிதாகத் தம்பி பிறந்திருக்கிறான், யார் இடது கையால் கத்தரிக்கோல் பிடிக்கிறாள், யாருக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொன்னால், வாசிக்கத் தெரியாத பிள்ளை தன் முறை வரும்வரை பயந்தபடியே இருப்பான். அன்றைய பாடத்தில் ஒரு வார்த்தைகூட அவன் காதில் விழாது. அதனால் எல்லாரும் சேர்ந்தே சொல்லட்டும். மனன வசனத்துக்குப் பரிசு கொடுப்பதும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளையே ஒவ்வொரு வாரமும் அதை வாங்கிக்கொண்டு போகும்.

பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்டால் அடக்கிவிடாதே. கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் மரத்தில் ஏறிய குள்ளமான சகேயுவின் கதையைச் சொன்னபோது ஒரு சிறுவன் கையைத் தூக்கி, "அவர் மரத்துல ஏறினப்போ யாரும் திட்டலையா?" என்று கேட்டான். பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று எதையும் பார்க்க முடியாமல் தவிப்பது எப்படி என்று நம்மைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அந்தக் கேள்வியை வைத்துத்தான் மீதிக் கதையே நடந்தது.

சபைக்கு வராத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பது அவர்கள் பெற்றோருக்குத் தெரிந்திருக்கவேண்டும். "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்றால் ஏழு வயதுப் பிள்ளை உன்னைச் சந்தோஷப்படுத்தவே கை தூக்கிவிடும். அவசரப்படுத்தாதே. மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியது சீஷர்கள். ஆண்டவரோ அந்தப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசீர்வதித்தார். அவர்களிடம் எதையும் கேட்டதாக அங்கே இல்லை.

அப்புறம், பாதுகாப்பு. இதில் மட்டும் உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதே. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கவேண்டும். தனிப்பட்ட முறையில் வாட்ஸ்அப் செய்தி அனுப்பாதே. பெற்றோரின் அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்காதே. கூட்டிப்போக யார் வருவார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களோ, அவர் கையில் மட்டுமே பிள்ளையை ஒப்படை. உன்மேல் சந்தேகம் இருப்பதாக நினைத்துவிடாதே. போதகருக்கும் இதே சட்டம்தான். "நம்ம சபைதானே" என்று யாராவது சிரித்தாலும் நீ அசையாதே.

என்றாவது ஒரு பிள்ளை உன்னிடம், "ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பிக்கலாம். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதே. "உன்னைப் பாதுகாக்க யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தால் சொல்லுவேன், ஆனால் உன்னோடு இருப்பேன்" என்று சொல். குறுக்கு விசாரணை வேண்டாம். அதிர்ச்சியை முகத்தில் காட்டவும் வேண்டாம். அமைதியாகக் கேள். நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல் இல்லை என்று சொல். பிறகு பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிவைத்து, பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே கொடு. உங்கள் சபையில் அந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று வேலையை ஏற்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள். யாரும் இல்லை என்றால், ஒருவரை நியமிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் சேர்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாராவாரம் வர முடியாது என்றால் மாதம் இரண்டு தடவை என்று முன்கூட்டியே சொல்லிவிடு, தப்பில்லை. ஆனால் சொன்ன நாளில் வந்துவிடு. "அக்கா இன்னைக்கு வரலையா?" என்று வாசலைப் பார்க்கிற பிள்ளைகள் இருப்பார்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் முன்னதாகவே வா. பெயர்ப் பட்டியலையும், எந்தப் பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை என்ற குறிப்பையும் கேட்டு வாங்கிக்கொள். தரையில் உட்காரத் தோதான உடை போட்டுக்கொண்டு வா.

ஜெபத்தில் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா