99.5 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயத் துடிப்பு நின்று மீண்டவரை ஐஸில் கிடத்தினால் மூளை பிழைத்துக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஐ.சி.யு. வாசலில் நிற்கும் குடும்பத்தார், "ஏன் இன்னும் ஐஸ் வைக்கல? வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டுமா?" என்று பதறுகிறார்கள். அந்தச் செய்தியில் பாதி உண்மை. மீதியையும் மக்கள் அறிய வேண்டும்.

மாரடைப்பு வந்து நினைவோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு இந்தச் சிகிச்சை கிடையாது. துடிப்பே நின்று, நெஞ்சை அழுத்தியும் ஷாக் கொடுத்தும் திரும்பிய பிறகு, கூப்பிட்டால் கண் திறக்காமல், கையை அழுத்தச் சொன்னால் அழுத்தாமல் கிடப்பவருக்குத்தான் இது.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2002-இல் வெளிவந்த இரு ஆய்வுகளில், உடலை 12 முதல் 24 மணி நேரம் 33 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தபோது நினைவு நன்றாகத் திரும்பியவர்கள் கூடினார்கள். ஐஸின் புகழ் அங்கே தொடங்கியது. 2013-இல் வந்த ஆய்வில் 33 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2021-இல் வந்த ஆய்வில் சுமார் 1,900 பேரிடம், 33-க்குக் குளிர்விப்பதையும் காய்ச்சலை மட்டும் தடுப்பதையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உயிர் பிழைத்தவர் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். குளிர்வித்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு அதிகமாக வந்தது. 2002 ஆய்வுகளில் குளிர்விக்கப்படாதவர்களுக்குக் காய்ச்சலைத் தடுக்க இறுக்கமான ஏற்பாடு இல்லை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஷாக் கொடுத்துப் பயனில்லாத வகையில் துடிப்பு நின்றவர்களுக்கு 33 டிகிரி உதவியதாக 2019-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியதால், சிலருக்கு மருத்துவர் அந்த அளவைத் தேர்வதும் உண்டு.

பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது காய்ச்சலைப் பற்றித்தான். ரத்தம் இல்லாமல் தவித்த மூளைக்கு, உடல் சூடு ஏற ஏற ஆக்சிஜன் தேவையும் ஏறும். எனவே 37.5 செல்சியஸை, அதாவது வார்டு சார்ட்டில் எழுதும் 99.5 பாரன்ஹீட்டை, 36 முதல் 72 மணி நேரம் வரை தாண்ட விடக் கூடாது. நூறைத் தொட்டால்தான் ஜுரம் என்ற நம் பழக்கம் இந்த நோயாளியிடம் செல்லாது.

கோட்டை விடுவது பெரும்பாலும் அளவெடுப்பதில். அக்குளில் ஐஸ் பையையும் வைத்து, அதே அக்குளில் தெர்மாமீட்டரையும் வைத்தால் வருவது ஐஸின் சூடு. உணவுக்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ ப்ரோப், அதாவது உள்ளே வைத்துச் சூட்டை அளக்கும் மெல்லிய கம்பி, வேண்டும். சிறுநீர் குறைவாகப் போகிறவருக்குச் சிறுநீர்ப்பை ப்ரோப்பை நம்ப முடியாது.

பாராசிட்டமால் மட்டும் பெரும்பாலும் போதாது. ஐஸ் பையைத் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைத்து, தோல் வெளுக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஐஸில் உப்புப் போடவே கூடாது. குல்ஃபி வண்டியில் உப்புப் போடுவது குளிரைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறக்கத்தான். அந்தக் குளிர் தோலைப் பொசுக்கிவிடும். ஈரத்துணி போர்த்தி ஃபேன் போடும் வழி கடலோர வடசென்னையில் பாதிதான் வேலை செய்யும். புழுக்கத்தில் ஈரம் எங்கே காய்கிறது? அக்னி நட்சத்திரத்தில் ஐ.சி.யு. ஏ.சி. நின்றால் அறையின் சூடே நோயாளிக்குள் ஏறும்.

ஆம்புலன்ஸிலேயே 4 டிகிரி சலைனை வேகமாக ஏற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2014-இல் வந்தது. பலன் இல்லை, நுரையீரலில் நீர் கோத்ததும் துடிப்பு மறுபடி நின்றதும் கூடின. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலோ எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னாலோ வர வேண்டிய ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் ஐஸ் தேட வேண்டாம். 108 வரும்வரை, துடிப்பு நின்றவரின் நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். அதுதான் மூளைக்கு முதல் மருந்து.

குளிர்விக்கும்போது எதிரி நடுக்கம். நடுங்கும் உடல் தானே சூட்டை உண்டாக்கி எல்லா வேலையையும் கெடுக்கும். தாடையில் விரல் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே அதிர்வு தெரியும். கை கால்களுக்குக் கதகதப்பாகத் துணி சுற்றுவது, மயக்க மருந்து, மெக்னீசியம் ஆகியவை உதவும். தசையை முடக்கும் மருந்து கொடுத்தால் வலிப்பு வெளியே தெரியாது, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பார்த்தாக வேண்டும்.

குளிர்வித்தவரை மீண்டும் சூடேற்றுவதில் அவசரமும் ஆபத்து. மணிக்கு கால் முதல் அரை டிகிரி செல்சியஸ் போதும். குளிரில் செல்லுக்குள் போன பொட்டாசியம் சூடேறும்போது ரத்தத்துக்குத் திரும்பும். குளிரில் அதைத் தாராளமாக ஏற்றியிருந்தால் அப்போது துடிப்பே தடுமாறும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த குளிர்விப்பு இயந்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பல மானிட்டர்களில் வெப்பநிலைக்கான இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டான்லி முதல் புறநகர் அரசு மருத்துவமனைகள் வரை, ஒவ்வொரு ஐ.சி.யு.விலும் அதில் செருகும் ப்ரோப்பும், மணிக்கு ஒரு முறை அளவை எழுதும் சார்ட்டும், ஏ.சி.க்கு ஜெனரேட்டர் இணைப்பும் இருக்கட்டும்.

குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்க வேண்டியது: உள் உடல் சூடு இப்போது எவ்வளவு, எங்கே அளக்கிறீர்கள்? மூளை மீளுமா என்ற தீர்ப்பை, மயக்க மருந்தின் தாக்கம் போய், குறைந்தது 72 மணி நேரமாவது கழியும் முன் கேட்டு வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.