1908-க்கு முந்தைய சனிக்கிழமைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்மாவட்டங்களில் அட்வென்டிஸ்ட் சபை, அதாவது வாரத்தின் ஏழாம் நாளான சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற கிறிஸ்தவ சபை, வளர்ந்த கதையைச் சென்ற இதழில் படித்தேன். சிரத்தையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1908இல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அமெரிக்க மிஷனெரி நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் வந்து குடியேறியதிலிருந்துதான் கதையே ஆரம்பிக்கிறது. அந்த ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஜேம்ஸ் வருவதற்கு ஐம்பது வருஷம் முன்பே எங்கள் பக்கத்தில் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தவர்கள் இருந்தார்கள். அவர் பிரகாசபுரத்தைத் தேடி வந்ததற்குக் காரணமே அவர்கள்தான்.

அவர்களை ஒன்றுசேர்த்தவர் அருமைநாயகம் சட்டம்பிள்ளை. நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்து, அங்கிருந்த ஐரோப்பிய மிஷனெரி கெமரர் ஐயரோடு மோதி வேலையை இழந்தவர். 1849இல் கால்டுவெல் எழுதி வெளியிட்ட சிறுநூல் நாடார் மக்களை இழிவுபடுத்துகிறது என்று விடாமல் எதிர்த்தவர். 1857இல் வெள்ளைக்காரர் பணமும் தயவும் இல்லாத தனிச் சபையைத் தொடங்கினார். ஏக இரட்சகர் சபை என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை ஆராதனை, தரையில் உட்கார்ந்து ஜெபம், சாம்பிராணி, நற்கருணைக்குப் புளிக்காத திராட்சரசம் என்று எல்லாமே வேறாக இருந்தது. பழைய ஏற்பாட்டு முறைமைகள் நம் ஊர் வழக்கத்துக்கு நெருக்கமானவை, ஐரோப்பியர்தான் அவற்றை விட்டு விலகிப் போனார்கள் என்பது அவருடைய வாதம். அந்தக் காலத்தில் ஓர் உபதேசியார் இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இதை வைத்துப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். 1893இல் லெங்கர், ஸ்ட்ரூப் என்ற இரண்டு அட்வென்டிஸ்ட் புத்தக ஊழியர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள். ஆங்கிலம் படித்தவர்களிடம் புத்தகம் விற்றார்கள். அதனால் தமிழ்க் கிராமங்களில் சபை எழவில்லை. பிரகாசபுரத்தில் எழுந்தது. ஏழாம் நாளைப் பற்றி அங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதற்காகச் சட்டம்பிள்ளையின் ஆட்கள் எல்லாரும் அட்வென்டிஸ்ட் ஆகிவிட்டார்கள் என்றும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சபை தனியாகவே நின்றது.

என் பெரியம்மா கல்யாணமாகிப் போனது அட்வென்டிஸ்ட் குடும்பத்துக்கு. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போகிறவர்கள். பள்ளி விடுமுறையில் அங்கே போனால் வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே வீடு பரபரப்பாகிவிடும். மறுநாளைக்கான குழம்பு, துவையல் எல்லாம் அன்றே முடிந்துவிடும். வெள்ளை வேட்டி சட்டையைத் தேய்த்துக் கொடியில் போட்டிருப்பார்கள். பொழுது இறங்குகிறதா என்று பெரியம்மா வாசலில் வந்து வந்து பார்ப்பார்கள். பொழுது அடைந்ததும் ஓய்வுநாள் ஆரம்பம்; அடுப்பு அணைந்து, எல்லாரும் பாயில் உட்கார்ந்து பாட்டு. காப்பி, டீ அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. சுக்கும் கருப்பட்டியும் போட்ட தண்ணீர்தான். மறுநாள் ஓய்வுநாள் பள்ளியில் பெரியப்பா பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக் கேள்வி கேட்பார். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பாட்டிமார்கூட வசனத்தை எடுத்துப் பதில் சொல்வார்கள். சபை வளர்ந்தது இந்த வீடுகளில்தான் என்று நான் நம்புகிறேன்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. பெரியம்மா மகனுக்கு ஒரு முக்கியமான தேர்வு சனிக்கிழமையில் வந்தது. வேறு நாள் கேட்டு எழுதினார்கள், கிடைக்கவில்லை. அண்ணன் எழுதப் போகவில்லை. ஒரு வருஷம் போனது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அப்புறம், போதகர்கள் விஷயம். கட்டுரையில் வருகிற பெயர்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பெயர்கள். 1915இல் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்களே, அது நம் ஆட்களை ஊழியத்துக்குத் தயார் செய்யத்தானே? அதுதான் பெங்களூருக்குப் போய், ஸ்பைசர் கல்லூரி என்று பெயர் பெற்று, 1942இல் புனேவுக்கு மாறியது. அங்கே படித்துவிட்டு வந்து கிராமம் கிராமமாக ஊழியம் செய்த தமிழ்ப் போதகர்கள் எங்கே போனார்கள்? தஞ்சாவூர்ப் பக்கம் குடிகாட்டில் இ. டி. தாமஸ் என்ற போதகர் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அவரைப் பற்றி ஒரு பத்தியாவது வந்திருக்க வேண்டாமா? பிரகாசபுரத்துப் பள்ளிக்கு ஜேம்ஸ் பெயர் இருப்பதை மட்டும் சொன்னால் போதுமா?

கட்டுரையாளரை ஒரு தடவை பிரகாசபுரத்துக்கு அனுப்பி வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிடச் சொல்லுங்கள். சனிக்கிழமை பகலில் யாரையும் வேலைக்கு இழுக்க முடியாது. எண்பது வயதைத் தாண்டிய சிலர் இன்னும் இருக்கிறார்கள். தாத்தா சொல்லக் கேட்டது அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. சட்டம்பிள்ளை சபையாரையும் பார்த்துப் பேசட்டும். அவர்கள் சொல்வதையும் சேர்த்து இன்னொரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாசரேத்.