பூப்பந்து பிறந்தது தஞ்சையில்தானா? ஏடுகளைப் பார்த்துச் சொல்லுங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தாருக்கும் வணக்கம்.

பூப்பந்து, அதாவது இறகுக்குப் பதில் கம்பளிப் பந்தை மட்டையால் அடித்து ஆடும் ஆட்டம், ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு வரி மனப்பாடம்: 1856 வாக்கில் தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் இது. பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள், பொது அறிவுப் புத்தகங்களிலும் வருகிறது. யார் ஆடினார்கள், அரண்மனையில் எந்த இடத்தில், மட்டையும் பந்தும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை.

எனக்கு அந்த ஆண்டே உறுத்துகிறது. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசையும் அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்து ராணி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1859இல் தோற்றது. அரண்மனையே கலங்கிக் கிடந்த அந்த நேரத்திலா புது ஆட்டம் முளைத்தது? முளைத்திருக்கலாம். அதற்கு முன்பே ஆடிவந்து, ஆண்டு மட்டும் பிற்பாடு ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். எதுவானாலும் சான்று வேண்டும்.

ஏனென்றால் இது தஞ்சையோடு முடிகிற விஷயமில்லை. இன்றைய இறகுப்பந்தின் தொடக்ககால விதிகள் 1870களில் பூனாவில் (இன்றைய புனே) இருந்த ஆங்கிலேயரிடையே உருவானவை. அங்கே காற்றும் ஈரமுமான நாட்களில் இறகை விட்டுவிட்டுக் கம்பளிப் பந்தால் ஆடினார்கள் என்பார்கள். இறகுப்பந்துக்கு இங்கிலாந்தில் சங்கம் அமைந்தது 1893இல்.

நம் மஞ்சள் கம்பளிப் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். எடை 27 முதல் 30 கிராம். இறகுப்பந்தோ ஐந்து கிராம் சொச்சம்தான், லேசான காற்றுக்கே திசை மாறிவிடும். கம்பளிப் பந்து வெட்டவெளியிலும் நினைத்த இடத்துக்குப் போகும். அதனால்தான் உள்ளரங்கம் இல்லாத ஊர்ப் பள்ளியிலும் பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று ஆட முடிகிறது. பூனாக்காரர்களின் கம்பளிப் பந்துக்கும் தஞ்சைப் பந்துக்கும் உறவு உண்டா, எது முந்தியது? இதைத்தான் தேடச் சொல்கிறேன்.

தேட வேண்டிய இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. மராட்டியர் கால அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில், அதாவது மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்தில், கட்டுக்கட்டாக உள்ளன. தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஒரு பகுதி இருக்கிறது. செலவுக் கணக்கில் மட்டைக்கோ கம்பளி நூலுக்கோ ஒரு வரி இருந்தாலும் போதும். மோடி படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இருப்பவர்களில் இரண்டு மூன்று பேரை ஓராண்டு இந்த வேலைக்கென்றே அமர்த்துங்கள், ஆணையம் சம்பளம் கொடுக்கட்டும். அப்புறம், பூப்பந்துக்கான தேசிய சம்மேளனம் உருவான 1954ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆடியவர்களில் இன்று இருப்பவர்கள் தொண்ணூறைத் தொட்டிருப்பார்கள். அவர்கள் பேசுவதை இந்த ஆண்டே ஒலிப்பதிவு செய்யுங்கள்.

தேடிய பிறகு தஞ்சைக்குச் சான்றில்லை என்று தெரிந்தால், அதையும் மறைக்காமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பூப்பந்து ஆட்டக்காரர்